கேம் கவர் படம் பண்றீங்களா? தீப்பெட்டி சைஸ்ல ஆரம்பிங்க

முதல்ல கிச்சனுக்குப் போய் ஒரு தீப்பெட்டி எடுத்துட்டு வந்து மானிட்டர் பக்கத்துல வைங்க. சும்மா சொல்லல, கொஞ்ச நேரத்துல அது தேவைப்படும். லேபிள்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு சாவி, இல்ல ஒரு கப்பல், இல்ல ஒரு அணில், பின்னாடி ஒரே கலர், மேல கொட்டை எழுத்துல பேரு, அவ்ளோதான். சிவகாசி பக்கம் லேபிள் போட்டவங்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும், வாங்க வர்ற ஆளு "அண்ணாச்சி அந்த அணில் பெட்டி ஒண்ணு குடுங்க"ன்னு கை நீட்டித்தான் கேப்பாரு, பேரப் படிக்க மாட்டாரு, கடைக்குள்ள வெளிச்சம் கம்மி, பத்து கம்பெனி பெட்டி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், அதுக்கு நடுவுல அணில் தெரியணும். ஸ்டீம்னு கம்ப்யூட்டர் கேம் விக்கற ஆன்லைன் கடை இருக்கே, அங்க உங்க கேமோட நெலமையும் அச்சு அசல் இதேதான், என்ன, அடுக்கு கொஞ்சம் பெருசு.

எனக்கு இது புரியிறதுக்கு மூணு வாரம் வேஸ்ட் ஆச்சு. என் கேம் பேரு 'ஆவி'. ஹைவேஸ் ஓரத்துல ஒரு ராத்திரி டீக்கடை, லாரிக்காரங்க வருவாங்க, பஸ்காரங்க வருவாங்க, நடுவுல சில கஸ்டமர் உயிரோட இல்லாதவங்க, யாரு எவருன்னு பாத்து டீ போட்டுக் குடுக்கணும், பால் பொங்கிடாம பாத்துக்கணும், விடியறதுக்குள்ள கல்லா கட்டணும். டீல வர்றதும் ஆவி, பேயும் ஆவி, விக்கிற கடை பேரு ஸ்டீம் அதுவும் ஆவி, மூணும் ஒரே வார்த்தைல மாட்டிருச்சுன்னு எனக்கு ஒரே குஷி. அந்த மப்புலயே கவரும் வரைஞ்சேன். நிலா, புளியமரம், தூரத்துல டியூப்லைட் போட்ட கடை, பெஞ்சுல எட்டு பேரு, கீழ ஒரு நாய், பக்கத்துல லாரி, லாரி பின்னாடி எழுதியிருக்கற வாசகம் முதற்கொண்டு வரைஞ்சு வெச்சேன். பேர மெல்லிசா, புகை நெளியற மாதிரி எழுத்துல போட்டேன். வால்பேப்பரா வெச்சுப் பாத்தா செமயா இருந்துச்சு, இப்பவும் என் லேப்டாப்ல அதுதான் வால்பேப்பர், ஏன்னா அது வால்பேப்பர் தான், கவர் இல்ல.

ஸ்டோர்ல ஏத்திட்டு சர்ச் பண்ணிப் பாத்தா லிஸ்ட்ல என் கேம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. மேலயும் கீழயும் ரெண்டு தடவ ஸ்க்ரோல் பண்ணேன். அப்புறம் பாத்தா வெள்ளை வேட்டில டீ கொட்டுன மாதிரி பழுப்பா ஒரு கறை, அதுதான் நான்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, சைஸ். கவர் படத்துக்கு ஸ்டீம் வெச்ச பேரு கேப்ஸ்யூல். இப்ப கேக்கறது, அகலம் × உயரம் பிக்சல்ல, ஹெடர் கேப்ஸ்யூல் 920 × 430, ஸ்மால் கேப்ஸ்யூல் 462 × 174, மெயின் கேப்ஸ்யூல் 1232 × 706, வெர்டிகல் கேப்ஸ்யூல் 748 × 896. பழைய வீடியோ பாத்து பண்றவங்க 460 × 215, 231 × 87, 616 × 353, 374 × 448ன்னு வெச்சிருப்பீங்க, அதெல்லாம் முன்னாடி இருந்தது, இப்ப எல்லாமே சரியா டபுள். இதெல்லாம் நாம குடுக்கற சைஸ், ஆனா ஆளுங்க பாக்கற சைஸ் வேற. ஸ்மால் கேப்ஸ்யூல்ல இருந்து ஸ்டீம் தானா 184 × 69, 120 × 45ன்னு இன்னும் ரெண்டு குட்டி போடும். 120 பிக்சல்னா சாதாரண மானிட்டர்ல மூணு சென்டிமீட்டர் சொச்சம் அகலம், உயரம் ஒரு சென்டிமீட்டர் கொஞ்சம் கூட. பக்கத்துல இருக்கற தீப்பெட்டிய பாருங்க, அதுல பாதிகூட வராது. சர்ச் ரிசல்ட், டாப் செல்லர் மாதிரி லிஸ்ட்டு எல்லாத்துலயும் உங்க கேம் நிக்கப்போறது இந்த ஸ்மால் கேப்ஸ்யூல் குடும்பத்துல தான். மெயின் கேப்ஸ்யூல் ஸ்டீம் முகப்புல மேல ஓடுற பெரிய ஸ்லைடுக்கு, அங்க போக ஒரு அதிர்ஷ்டம் வேணும். வெர்டிகல் சீசன் சேல் பேஜ்ல வரும்.

அதனால வேலைய தலைகீழா செய்ங்க. எல்லாரும் பெரிய படம் வரைஞ்சு அத சுருக்குவாங்க, நீங்க குட்டிய முதல்ல முடிச்சிட்டு அப்புறமா பெருசுக்குப் போங்க.

எப்படி செய்யறதுன்னா, கிரிட்டாவோ போட்டோஷாப்போ, படம் வரையற சாஃப்ட்வேர் எது இருக்கோ அதுல 462 × 174க்கு ஒரு ஃபைல் தொறங்க, அதே ஃபைலயே ரெண்டாவது விண்டோல தொறந்து ஜூம் 26 பர்சன்ட் வைங்க, அதுல அகலம் 120 வந்துரும். கண்ணு எப்பவும் அந்த குட்டி விண்டோ மேல தான் இருக்கணும். கருப்பு, வெள்ளை, நடுவுல ஒரு சாம்பல், மூணே கலர், பெரிய பிரஷ். ஒரு ஸ்கெட்சுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம், இருபது போடுங்க, பத்து வரைக்கும் எல்லாருக்கும் தோணுறது தான் வரும், பன்னெண்டு பதிமூணுக்கு மேல தான் உங்களோடது எட்டிப் பாக்கும். கை வரலன்னா போட்டோவ வெட்டி ஒட்டுங்க, இந்த ஸ்டேஜ்ல அழகு தேவையில்ல.

என்னோடத சொல்றேன். முதல் ஐடியா என்னவா இருக்கும்னு நீங்களே சொல்லிருவீங்க, டீ கிளாஸ், அதுல இருந்து ஆவி வருது, அந்த ஆவி ஒரு பேயோட மூஞ்சி. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, ஆனா 120ல பாத்தா கிளாஸ் மேல சாம்பல் கலர்ல அழுக்கு. புகை, மூடுபனி, கண்ணாடி, தண்ணி, ஒளிவட்டம் இதுக்கெல்லாம் ஓரம் கிடையாது, ஓரம் இல்லாத எதுவும் சின்ன சைஸ்ல நிக்காது. இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க, முக்கால்வாசி பேய் கேம், ஃபேன்டசி கேம் கவருங்க செத்துப்போறது இங்க தான். ரெண்டாவது, கால் இல்லாம பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளு. கால் இல்லங்கறத கவனிக்கவே பெரிய படம் வேணும், அவுட். மூணாவது வெறும் டீ கிளாஸ் பெருசா, தெளிவா இருந்துச்சு, ஆனா டீத்தூள் விளம்பரம் மாதிரி ஆயிருச்சு. இப்படியே போயி பதினாலாவதுல தான் வந்துச்சு: டீ ஆத்தறது. மேல ஒரு கை டம்ளர சாய்க்குது, கீழ ஒரு கை கிளாஸ்ல புடிக்குது, நடுவுல ஒரு முழத்துக்கு டீ நீளமா இறங்குது. மேல இருக்கறது சட்டைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்ட மனுஷன் கை. கீழ இருக்கறது எலும்பு. டீ ஆத்தறது ஒரே ஆளு செய்யற வேலை தானே, அப்ப இந்த ரெண்டாவது கை யாருதுன்னு ஒரு செகண்ட் யோசிக்க வைக்கும், அந்த ஒரு செகண்டுல விரல் கிளிக் பண்ணிரும். டீ அந்த ஆரஞ்சு பழுப்புல ஒரே கோடா வெட்டுன மாதிரி தெரியும், எலும்பு விரல் வெள்ளையா தெரியும், பின்னாடி இருட்டு. ஓரம் இருக்கு பாருங்க.

ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. டீ ஆத்தறது மேலருந்து கீழ போற விஷயம், ஸ்மால் கேப்ஸ்யூலோ படுத்துக்கிட்டு இருக்கற பெட்டி. அப்படியே வெச்சா கை ரெண்டும் கொசு சைஸ்ல வரும். அதனால ஸ்மால்ல மேல் கைய தூக்கிட்டேன். இடது மேல் மூலைல இருந்து டீ மட்டும் சாய்வா உள்ள வரும், பேரோட எழுத்துங்க மேல வளைஞ்சு ஓடும், வலது பக்கம் எலும்பு விரல் புடிச்ச கிளாஸ்ல போய் விழும். மிச்சம் பூரா பேரு. வெர்டிகல்ல தான் ரெண்டு கையும் முழுசா வரும், அங்க உயரம் இருக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா நாலு சைஸும் ஒரே படத்த நாலு விதமா வெட்டுறது இல்ல, நாலு தடவ அடுக்குறது. அகலத்த உயரத்தால வகுத்துப் பாருங்க, ஸ்மால் 2.66, ஹெடர் 2.14, மெயின் 1.75, வெர்டிகல் 0.83, இதுக்கெல்லாம் ஒரே கிராப் எப்படி செட் ஆகும். அதனால எல்லாத்தையும் தனித்தனி அடுக்கா, அதாவது லேயரா வரைங்க, கை ஒரு லேயர், டீ ஒரு லேயர், கிளாஸ் ஒரு லேயர், பின்னணி நாலு பக்கமும் தாராளமா நீட்டி வரைஞ்ச ஒரு லேயர், லோகோ தனி லேயர். சினிமாக்காரங்க போஸ்டர் அடிக்கறத பாருங்க, சுவர்ல ஒட்டற போஸ்டருக்கு ஒரு டிசைன், பேப்பர் விளம்பரத்துக்கு ஒரு டிசைன், பஸ் பின்னாடி வர்றதுக்கு வேற ஒண்ணு, ஆனா ஹீரோ மூஞ்சியும் டைட்டில் எழுத்தும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கவர் படம் என்ன சொல்லணும்? கதைய சொல்லணும்னு நெனைக்காதீங்க. இந்த கேம்ல கை என்ன வேலை செய்யப்போகுதுங்கறத சொல்லணும். கார்டு கேம்னா கார்டு தெரியணும், விவசாயம்னா வயல் தெரியணும், சண்டைன்னா கைல ஆயுதம் வேணும். என் முதல் கவர்ல நிலா புளியமரம் எல்லாம் பாத்து ஹாரர் கேம்னு நெனைச்சு வந்தவங்க இருந்தாங்க, உள்ள வந்தா பால் காய்ச்சிக்கிட்டு சில்லறை எண்ணிக்கிட்டு இருக்கோம், கடுப்பாயிட்டாங்க. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், தப்பான ஆள கூட்டிட்டு வந்தா காசும் திரும்பிப் போகும், போற போக்குல ஒரு நெகட்டிவ் ரிவ்யூவும் விழும். அதுக்கு அந்த ஆளு கிளிக்கே பண்ணாம இருந்திருக்கலாம். டீ ஆத்துற கைய போட்டதுக்கு அப்புறம் வர்றவங்க கடை நடத்தணும்னு தெரிஞ்சே வர்றாங்க, பேய் கூடுதல் போனஸ்.

பொய் சொல்ற கவர் புதுசு ஒண்ணும் இல்ல. 1977ல வந்த அட்டாரி 2600ங்கற, டிவில மாட்டி விளையாடற கேம் மெஷின் காலத்துல பெட்டி மேல பெயின்ட்டிங் பிரமாதமா இருக்கும், கிளிஃப் ஸ்போன் மாதிரி ஓவியருங்க வரைஞ்சது, உள்ள கேம் போட்டா நாலு சதுரம் ஓடும். அப்ப அது ஏமாத்து இல்ல, திரைல வரைய முடியாதத பெட்டி மேல வரைஞ்சு விளையாடுறவங்க கற்பனைக்கு ஒரு முட்டுக் குடுத்தாங்க. 1987ல வந்த மெகா மேன்ங்கற கேமோட அமெரிக்கப் பெட்டி கதை வேற. கேம்ல நீலக் கவசம் போட்ட சின்னப் பையன் ரோபோ, கையே துப்பாக்கி. அமெரிக்க கவர்ல மஞ்சளும் நீலமுமா டிரஸ் போட்ட நடுத்தர வயசு ஆளு ஒருத்தர் கைத்துப்பாக்கிய புடிச்சிக்கிட்டு வயித்துவலி மாதிரி நிப்பாரு. அது அவ்ளோ பேமஸ் ஆகி, அந்த கேம் கம்பெனி கேப்காம் 2012ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்ங்கற கேம்ல அந்த ஆளயே ஒரு கேரக்டரா விட்டாங்க, தொப்பையோட. இப்ப நமக்கு அந்த சலுகை இல்ல, கவருக்குக் கீழயே டிரெய்லரும் ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கு, பொய் சொன்னா அஞ்சாவது செகண்டுல மாட்டிப்போம்.

நல்ல உதாரணம் வேணும்னா ஹாலோ நைட்ங்கற கேமோட கவர பாருங்க. வெள்ளை முகமூடி, ரெண்டு கொம்பு, ரெண்டு கருப்புக் கண்ணு, பின்னாடி கருநீலம். ஸ்கூல் பையன் நோட்டு கடைசிப் பக்கத்துல பேனாவுல வரைஞ்சாலும் அது அதேதான்னு தெரியும். லிம்போங்கற கேம் அதவிட சிம்பிள், கருப்பு உருவம், ரெண்டு வெள்ளைப் புள்ளி கண்ணு, முடிஞ்சுது. உங்க கேரக்டர மொத்தமா கருப்பு அடிச்சு ஓரத்த மட்டும் பாத்தா யாருன்னு தெரியுமான்னு கேளுங்க, தெரியலன்னா கவர்ல தப்பு இல்ல, கேரக்டர்லயே தப்பு.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு இருக்கு, 2001ல வந்த ஐகோங்கற கேம். ஜப்பான், ஐரோப்பா பெட்டிக்கு படம் வரைஞ்சது கேம டைரக்ட் பண்ண ஃபுமிட்டோ உவேடாவே தான், டி கிரிக்கோங்கற இத்தாலி ஓவியரோட பாதிப்புல வரைஞ்சது, பெரிய கட்டடம், நீள நிழல், கீழ குட்டியா ரெண்டு பேரு கையப் புடிச்சிக்கிட்டு ஓடுறாங்க. அமெரிக்கால அத வேணாம்னு பையன் மூஞ்சிய பெருசா போட்டு வேற ஒண்ணு அடிச்சாங்க, அத இன்னிக்கு வரைக்கும் கலாய்க்கறாங்க. நான் சொன்ன ரூல் படி பாத்தா அமெரிக்க கவர் தான் ஜெயிச்சிருக்கணும், மூஞ்சி அவ்ளோ பெருசு. ஆனா பாருங்க, ஐகோ கவர் கடை ஷெல்ஃப்ல இருந்த டிவிடி பெட்டிக்கு வரைஞ்சது, கைல எடுத்து பாக்கற சைஸ். அதே படத்த 120 × 45ல போட்டா அந்த ரெண்டு பேரும் காணாமப் போயிருவாங்க. அப்படிப்பட்ட படம் உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போடாதீங்க, லைப்ரரி ஹீரோவுக்கு வைங்க, அது ஸ்டீம்ல வாங்குன கேமோட பேஜ்ல மேல வர்ற அகலப் படம், 3840 × 1240, வாங்குனவங்க தினமும் பாக்கப்போற இடம், அங்க எழுத்தே இருக்கக்கூடாது, லோகோ தனியா டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியா மேல உக்காரும். என் புளியமரம் கடைசில அங்க தான் போய் செட்டில் ஆச்சு.

எழுத்து. இதுல தான் நம்மாளுங்க ரொம்ப கோட்ட விடறோம். ஸ்மால் கேப்ஸ்யூல்ல பேரு கிட்டத்தட்ட பெட்டி முழுக்க நிக்கணும், ஸ்டீமே அப்படித்தான் சொல்லுது. படம் பத்தாமப் போனா பரவால்ல, பேர படிக்க முடியாமப் போனா போச்சு. மெல்லிசு எழுத்து வேணாம், கையெழுத்து மாதிரி நெளியற எழுத்து வேணாம், ரத்தம் சொட்டற எழுத்து சத்தியமா வேணாம். பேரு ரெண்டு மூணு வார்த்தைன்னா ரெண்டு வரியா அடுக்குங்க, முக்கியமான வார்த்தை பெருசு, "ஆஃப் தி" மாதிரி ஒட்டு வார்த்தைங்க குட்டியா இடுக்குல. எழுத்த சுத்தி கருப்புல ஒரு தடிச்ச கோடு, அதுக்குப் பின்னாடி கொஞ்சமா நிழல், இது பழைய டெக்னிக் தான், ஆனா பஸ் போர்டுல இருந்து கட்சி சுவர் விளம்பரம் வரைக்கும் இன்னும் ஓடுதுன்னா காரணம் இருக்கு. தமிழ் எழுத்துல லோகோ பண்றவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தலைவலி, ண, ணை, ஞ மாதிரி சுழி இருக்கற எழுத்துல உள்ள இருக்கற ஓட்டை சின்ன சைஸ்ல அடைச்சுக்கும், ி, ீ மேல நிக்கற வளைவு உயரத்த திங்கும், அதனால உள் ஓட்டைய வேணும்னே பெருசாக்கி எழுத்த நீங்களே வரைங்க, ஃபான்ட்ட அப்படியே போடாதீங்க. 'ஆவி' ரெண்டே எழுத்து, எனக்கு லக்கு, ஆனா உலகம் பூரா விக்கணும்னு இங்கிலீஷ் எழுத்துல தான் லோகோ, அதுவும் நாலே எழுத்து. ஃபான்ட் எதுவா இருந்தாலும் வியாபாரத்துக்கு யூஸ் பண்ணலாம்னு லைசென்ஸ்ல இருக்கான்னு பாத்துட்டு தொடுங்க.

கலர் பத்தி அதிகம் சொல்ல எதுவும் இல்ல. ஸ்டீமோட பேஜ் கலர் கருநீலம், உங்க படத்தோட ஓரமும் கருநீலமா இருந்தா பெட்டியே தெரியாது, படம் பேஜுக்குள்ள கரைஞ்சிரும். ராத்திரி கேம்னாலும் ஓரத்துல கொஞ்சம் சூடான கலர் இருக்கட்டும், நான் டியூப்லைட்ட தூக்கிட்டு குண்டு பல்பு மாட்டுனேன், கடைல இல்ல, கவர்ல மட்டும். அப்புறம் படத்த கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்க, அப்பவும் பேரு பிரிஞ்சு தெரியணும், சிவப்பு எழுத்து பச்சை பின்னணின்னு வெச்சா கலர்ல பளிச்சுன்னு இருக்கும், கருப்பு வெள்ளைல ரெண்டும் ஒரே சாம்பலா ஆயிரலாம்.

டெஸ்ட் பண்ற விதம் மூணு. உங்க கேம் எந்த டேக்ல, அதாவது எந்த வகைப் பேர்ல வருமோ அந்த டேக்ல ஸ்டீம்ல தேடி ரிசல்ட் பேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நடுவுல ஒரு கேமோட படத்த எடுத்துட்டு உங்களோடத ஒட்டுங்க, அப்புறம் அத போன்ல போட்டு பிரைட்னஸ் கொறச்சு, கைய நீட்டி வெச்சு பாருங்க. தனியா பாத்தா எல்லா படமும் நல்லா தான் இருக்கும், பக்கத்து வீட்டோட நின்னா தான் தெரியும். மேனேஜ்மென்ட் கேம் டேக்ல நான் பாத்தப்ப பாதி கவர்ல வெளிர் நீல வானமும் சிரிக்கற மூஞ்சியும், அதுக்கு நடுவுல இருட்டும் ஆரஞ்சும் தானா தெரிஞ்சுது, இத நான் பிளான் பண்ணல, பாத்ததுக்கு அப்புறம் தான் தெரியும். அடுத்தது ஒரு செகண்ட் டெஸ்ட், கேம் பத்தி எதுவும் தெரியாத ஆளுக்கு ஒரு செகண்ட் காட்டிட்டு போன கவுத்துட்டு "இதுல என்ன பண்ணுவோம்"னு கேளுங்க, "நல்லா இருக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. எங்க அம்மாட்ட முதல் கவர காட்டுனப்ப "ஏதோ ஊருக்குப் போற மாதிரி இருக்குடா"ன்னாங்க, மூணு வார வேலைக்கு ஒரே வரில ரிவ்யூ. ரெண்டாவது கவருக்கு "டீ ஆத்துறான், ஐய்யய்ய அது என்ன கை"ன்னாங்க. போதும்னு அன்னிக்கே ஃபைனல் பண்ணிட்டேன். மூணாவது டெஸ்ட் ரொம்ப சிம்பிள், கண்ண சுருக்கிப் பாருங்க, கண்ணாடி போடறவங்க கழட்டிட்டுப் பாருங்க.

வரையத் தெரியாதவங்க ஆர்ட்டிஸ்ட் புடிங்க, இதுல காசு மிச்சம் பண்ணாதீங்க, கேம்ல ஒரு லெவல கொறச்சுக்கலாம். ஆனா "நல்லா மாஸா ஒண்ணு பண்ணிக் குடுங்க"ன்னு சொன்னா மாஸா ஒண்ணு தான் வரும், உங்க கேம் வராது. மேல சொன்ன அந்த மூணு கலர் ஸ்கெட்சுல பிடிச்சத ரெண்டு எடுத்துக் குடுங்க, கேம்ல கை செய்யற வேலைய ஒரே வரில எழுதிக் குடுங்க, பக்கத்துல நிக்கப்போற கவர் பத்து ஒட்டிக் குடுங்க. லேயரெல்லாம் தனித்தனியா இருக்கற பிஎஸ்டி ஃபைல் வேணும்னு முன்னாடியே எழுத்துல பேசிக்கோங்க. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இத சொல்லாம விட்டு, கடைசில எல்லாம் ஒட்டிப்போன ஒரே ஜேபெக் வந்து, வெர்டிகலுக்கு கேரக்டரோட தலைய வெட்டுனா தான் செட் ஆகும்னு ஆகி, மறுபடி காசு குடுத்தான். தப்பு ஆர்ட்டிஸ்ட் மேல இல்ல, கேக்கல, குடுக்கல. எந்தெந்த இடத்துல யூஸ் பண்ணலாம், பனியன்ல அடிச்சு விக்கலாமாங்கற உரிமையும் அதே பேப்பர்ல வரட்டும்.

ஏஐல அடிச்சுரலாம்னு நெனைக்கறவங்களுக்கு, கேம்ல ஏஐ யூஸ் பண்ணியிருந்தா சொல்லணும்னு ஸ்டீம் 2024 ஜனவரில இருந்து கேக்குது, அது ஸ்டோர் பேஜ்லயும் தெரியும். அது போக, இன்டி கேம், அதாவது நம்மள மாதிரி சின்ன டீம் பண்ற கேம் வாங்கற கூட்டம் ஆறு விரல தேடிக்கிட்டே இருக்கற கூட்டம். என் கவர்ல எலும்புக் கைக்கு விரல் சரியா அஞ்சுன்னு நான் நாலு தடவ எண்ணுனேன்.

ரூல்ஸும் தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா ரிஜெக்ட் ஆகி திரும்பி வரும். 2022 செப்டம்பர் 1ல இருந்து ஸ்டீம் கேப்ஸ்யூல்ல கேமோட படம், கேமோட பேரு, அதிகாரப்பூர்வமான துணைப்பேரு, இது மூணு மட்டும் தான். ரிவ்யூ ஸ்கோர் போடக்கூடாது, வாங்குன அவார்ட் பேரு கூடாது, "50% ஆஃபர்" கூடாது, உங்களோட இன்னொரு கேமுக்கு விளம்பரமும் கூடாது. பெரிய அப்டேட் விடும்போது மட்டும் ஆர்ட்வொர்க் ஓவர்ரைடுன்னு கவர கொஞ்ச நாளைக்கு மாத்தி வைக்க ஒரு வசதி இருக்கு, அதுல புதுசா என்ன வந்திருக்குன்னு எழுதலாம், அதிகபட்சம் ஒரு மாசம், அதுவும் கேம் எத்தனை மொழில இருக்கோ அத்தனை மொழிலயும் அந்த எழுத்து இருக்கணும். லைப்ரரிக்கு 600 × 900ல ஒரு கேப்ஸ்யூல் தனியா வேணும், வெர்டிகலையே இழுத்து வைக்காதீங்க, ரேஷியோ வேற, மூஞ்சி நீண்டுரும். இட்ச்ங்கற இன்னொரு கேம் சைட்ல போடறதா இருந்தா 630 × 500, குறைஞ்சது 315 × 250, அங்க ஜிஃப் போடலாம், டீ நிஜமாவே ஓடற மாதிரி நான் போட்டிருக்கேன். கூகுள் ப்ளேக்கு ஐகான் 512 × 512, ஃபீச்சர் கிராஃபிக் 1024 × 500, ஐகான்ல பேரே எழுதாதீங்க, கீழயே பேரு வருது, எலும்புக் கையும் கிளாஸும் மட்டும் போதும்.

ஏத்துனதுக்கு அப்புறம் ஸ்டீம்வொர்க்ஸ்ல, அதாவது கேம் பண்றவங்களுக்கு ஸ்டீம் குடுக்கற சைட்ல, டிராஃபிக் ரிப்போர்ட் பாருங்க, எத்தனை பேர் கண்ணுல பட்டுது, அதுல எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் நிறைய, ரெண்டாவது கம்மின்னா கவர சந்தேகப்படுங்க. உள்ள வந்தவங்க நிறைய, விஷ்லிஸ்ட்ல (அப்புறம் வாங்கணும்னு குறிச்சு வைக்கற லிஸ்ட்) சேத்தவங்க கம்மின்னா கவர விட்டுட்டு டிரெய்லர சந்தேகப்படுங்க. கூகுள் ப்ளேல ரெண்டு ஐகான போட்டிக்கு விட்டுப் பாக்க வசதி இருக்கு, ஸ்டீம்ல நாமளே மாத்தி மாத்தி வெச்சு முன்னப்பின்ன பாத்துக்க வேண்டியது தான். அதுக்கு சாதாரண வாரம் ரெண்ட எடுங்க, நடுவுல சேல் வந்தா கணக்கு தப்பாயிரும். என் புதுக் கவர நான் ஏத்துன வாரமே ஒரு பெரிய சேல் ஆரம்பிச்சு நம்பர் எல்லாம் எகிறுச்சு, அதுல டீக்கு எவ்ளோ, சேலுக்கு எவ்ளோன்னு பிரிக்க முடியல, அதனால இங்க பெருமையா எந்த நம்பரும் சொல்ல மாட்டேன். சர்ச் பண்ணா மட்டும் ஸ்க்ரோல் பண்ணாமயே என் கேம் எங்க இருக்குன்னு தெரியுது.